குமிழிக் கூடு கட்டும் மீன்

வண்ணமீன் கடைகளில் சிறு கண்ணாடிக் குப்பிகளில் ஒவ்வொன்றாகத் தனித்து அடைபட்டிருப்பது பெட்டா மீன். இரண்டு ஆண் மீன்கள் ஒன்றையொன்று பார்த்துவிடக் கூடாது என்று குப்பிகளுக்கு நடுவே அட்டை செருகி வைப்பார்கள். தமிழ்நாட்டு வளர்ப்பாளர்களுக்கு இது ‘ஃபைட்டர்’. சண்டை மீன் என்றும் சொல்வதுண்டு. தாய்லாந்தில் இதன் பெயர் ‘ப்ளா கட்’. கடிக்கும் மீன் என்பது அதன் பொருள். பெட்டா என்ற பேரினத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. கடைகளில் விற்கப்படுவது பெரும்பாலும் அவற்றில் ஒன்றான பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ், அல்லது அதனுடன் நெருங்கிய உறவினங்கள் கலந்து உருவான வளர்ப்பு வகை.

இதன் சொந்த ஊர் தாய்லாந்தின் சாவோ பிரயா ஆற்றுப் படுகையும் அதைச் சுற்றியுள்ள தாழ்நிலங்களும். நெல்வயல், வரப்போர வாய்க்கால், புல் மண்டிய சதுப்பு, மழைக்காலத்தில் நிறையும் பள்ளம் ஆகிய ஆழமற்ற நீர்நிலைகளில் இது வாழ்கிறது. காட்டு மீனைக் கடைக் குப்பியில் உள்ள மீனோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒரே இனம் என்று நம்புவது கடினம். காட்டு மீன் பழுப்பு நிறம், துடுப்புகள் குட்டையானவை. சினம் கொள்ளும்போது மட்டும் உடலில் பச்சையும் நீலமும் செம்மையும் மின்னும். அமைதி திரும்பியதும் அது மறுபடி சேற்றின் நிறத்துக்குப் போய்விடும். கொக்குக்கும் பாம்புக்கும் தப்ப வேண்டிய மீனுக்கு அந்த மங்கல் நிறம்தான் காப்பு.

இந்த மீனுக்கு அறிவியல் பெயர் அமைந்ததில் ஒரு குழப்பம் நேர்ந்தது. சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னரிடமிருந்து வந்த மீன்களை 1840இல் பெற்ற தியோடர் கேன்டர் என்ற மருத்துவர், 1849இல் அவற்றைப் பற்றி எழுதும்போது வேறோர் இனத்தின் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார். பிரிட்டிஷ் மீனியல் அறிஞர் சார்லஸ் டேட் ரீகன் 1910இல் அந்தப் பிழையைக் கண்டு, பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் என்று புதுப் பெயரிட்டார். இரண்டாவதாக வரும் லத்தீன் சொல்லுக்கு ஒளிர்வது என்று பொருள்.

ஆனால் பெயர் கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே இது மனிதர் வளர்த்த மீனாகிவிட்டது. சேவற்சண்டை போலவே மீன்சண்டையும் சயாமில் பந்தய விளையாட்டாக இருந்தது. அரசு அதற்கு உரிமம் கொடுத்து வரியும் வாங்கியது. நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் மீனையே அடுத்த தலைமுறைக்குத் தந்தையாகத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். 2022இல் வெளியான ஒரு மரபணுத்தொகுதி ஆய்வு, இந்த மீன் குறைந்தது 400 ஆண்டுகளாக மனிதர் கையில் வளர்ந்து வருகிறது என்று காட்டியது. நீண்ட துடுப்பும் பகட்டான வண்ணமும் அதற்கு மிகவும் பிந்தியவை. முதலில் மனிதர் தேடியது வீரத்தை. அழகைத் தேடியது பிறகுதான். தாய்லாந்து 2019 பிப்ரவரியில் இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

பெட்டாவின் வாழ்க்கை முறை முழுவதையும் தீர்மானிப்பது அது மூச்சுவிடும் விதம். வெதுவெதுப்பான, தேங்கிய, இலை அழுகும் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் மிகக் குறைவு. செவுள்களை மட்டும் நம்பியிருக்கும் மீன் அங்கே தவித்துப்போகும். பெட்டாவுக்குச் செவுள்களுக்கு மேலே, தலையின் இருபுறமும் ஓர் அறை உண்டு. முதல் செவுள் வளைவின் எலும்பு விரிந்து, மடிப்பு மடிப்பான தகடுகளாக அந்த அறைக்குள் அமைந்திருக்கிறது. அதன் மேல் போர்த்திய தோலில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும். மீன் நீர்ப்பரப்புக்கு வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி அந்த அறையில் அடைத்துக்கொள்ள, ஆக்சிஜன் அங்கிருந்து நேராக இரத்தத்தில் சேருகிறது. புதிர்வழி போலச் சுற்றிச் சுற்றிப் போகும் மடிப்புகள் என்பதால் இதற்கு லேபிரிந்த் உறுப்பு என்று பெயர். தமிழ்நாட்டின் பனையேறிக் கெண்டையும் இதே உறுப்பைக் கொண்ட உறவினம். குளத்தில் விரால் மேலே வந்து ‘களக்’கென்று காற்று வாங்கிப் போவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும், விராலுக்கும் அதே இடத்தில் ஒரு மூச்சு அறை உண்டு. பெட்டா நீர்ப்பரப்புக்கு வர முடியாதபடி தடுத்தால், நீரில் ஆக்சிஜன் இருந்தாலும் அது மூச்சுத் திணறிச் சாகக்கூடும்.

குப்பியில் வளர்க்கலாம் என்ற தவறான நம்பிக்கை இந்த மூச்சிலிருந்தே பிறந்தது. காற்றைச் சுவாசிக்கிறது, எனவே மோட்டார் வேண்டாம். வயல்பள்ளத்தில் வாழ்வது, எனவே ஒரு டம்ளர் தண்ணீர் போதும் என்று கடைக்காரர்கள் சொல்வது வழக்கம். ஆழம் குறைந்த வயல் என்றாலும் அது பரப்பளவில் பெரிய நீர்நிலை. அங்கே கழிவு பரவிக் கரைந்து போகும். செடிகளும் சேறும் அதை உறிஞ்சிக்கொள்ளும். குப்பிக்குள் அது போக இடமில்லை.

இதற்குள் இருக்கும் வேதியியலைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. மீன் தின்னும் புரதம் உடலில் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. அதைப் பெரும்பாலும் செவுள்கள் வழியாகவே மீன் வெளியேற்றுகிறது. லேபிரிந்த் உறுப்பு ஆக்சிஜனை உள்ளே கொண்டுவருமே தவிர, அம்மோனியாவை வெளியே தள்ள உதவாது. ஆகவே காற்றைச் சுவாசிக்கும் மீனுக்கும் நல்ல தண்ணீர் வேண்டும். நீரில் சேரும் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அம்மோனியம் அயனி. அவ்வளவாகத் தீங்கு செய்யாது. மற்றது தனி அம்மோனியா. செவுளையும் தோலையும் அரிக்கும் நஞ்சு. நீரின் காரத்தன்மையும் வெப்பமும் ஏற ஏற நஞ்சின் பங்கு கூடும். காரத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரும் கோடை வெயிலும் சேரும் வீடுகளில், ஒரு சிறு குப்பியின் தண்ணீர் ஓரிரு நாளிலேயே மீனைச் சுட ஆரம்பிக்கும். அந்த மீன் உடனே சாகாது. துடுப்பின் ஓரம் கிழியும், நிறம் மங்கும், அடியில் படுத்தே கிடக்கும். வாரக்கணக்கில் உயிரோடு இருப்பதால் அது நலமாக இருக்கிறது என்று வளர்ப்பவர் நினைத்துக்கொள்வார்.

பெரிய தொட்டியில் இந்த வேலையை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்கின்றன. ஒருவகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான், நைட்ரேட் ஓரளவு வரை தாங்கக்கூடியது. அதைச் செடிகளும் வாராந்தர நீர்மாற்றமும் அகற்றிவிடும். இந்தப் பாக்டீரியா மணலிலும் ஸ்பாஞ்ச் ஃபில்டரிலும் குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கி விடுபவர்கள் இழக்கும் மீன்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் சாகிறது. காத்திருக்க முடியாதவர்கள், பழைய தொட்டி ஒன்றில் ஓடிய ஸ்பாஞ்சை வாங்கிப் புதுத் தொட்டியில் போட்டால் பாக்டீரியா கூடவே வந்துவிடும்.

ஒரு பெட்டாவுக்குப் பத்து லிட்டர் நீர் என்பது குறைந்த அளவு. இருபது லிட்டர் என்றால் வளர்ப்பவருக்கும் வேலை குறையும். தொட்டி உயரமாக இருப்பதைவிட நீளமாக இருப்பதே நல்லது. அடிக்கடி மேலே வந்து மூச்சு வாங்க வேண்டிய மீனுக்கு ஆழம் ஒரு சுமை, நீண்ட துடுப்புள்ள வகைகளுக்கு இன்னும் பெரிய சுமை. நீரோட்டம் மெதுவாக இருக்க வேண்டும். 25 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் தேவை. சென்னையிலோ மதுரையிலோ ஆண்டின் பெரும்பகுதி இது இயல்பாகவே கிடைக்கும். உதகையிலும் கொடைக்கானலிலும் ஹீட்டர் இல்லாமல் வளர்ப்பது மீனை வதைப்பதாகும். மூடி அவசியம். பெட்டா நன்றாகத் துள்ளும். காலையில் தரையில் காய்ந்து கிடக்கும் மீனைக் கண்டெடுத்த வளர்ப்பாளர்கள் பலர். மூடிக்கும் நீருக்கும் நடுவே சில சென்டிமீட்டர் காற்றிடமும் வேண்டும். குழாய் நீரில் உள்ள குளோரின் ஓரிரவு திறந்து வைத்தால் போய்விடும்; குளோரமின் அப்படிப் போகாது. கடைகளில் ‘ஆன்ட்டி குளோரின்’ என்று விற்கும் சோடியம் தயோசல்பேட் கரைசலைச் சில சொட்டு விடுவது எளிய வழி.

தொட்டிக்குள் நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த இலையைப் போடுவது தென்கிழக்காசிய வளர்ப்பாளர்களின் பழைய வழக்கம். தெருவோரத்தில் பாதாம் மரம் என்று சொல்லப்படும் அதே மரம்தான். இலையிலிருந்து டானினும் மட்கு அமிலங்களும் ஊறி, நீர் தேநீர் நிறமாகும். காரத்தன்மை சற்று இறங்கும். மீனின் சொந்த வாய்க்கால் நீருக்கு இது நெருக்கமானது. மருந்து அடிக்காத மரத்தில் தானாகப் பழுத்து விழுந்த இலையாக இருக்க வேண்டும்.

பெட்டா ஊனுண்ணி. காட்டில் கொசுப்புழு, நீர்ப்பூச்சி, நுண்ணிய ஓட்டுடலிகள் ஆகியவற்றை வேட்டையாடித் தின்கிறது. மேல்நோக்கித் திறக்கும் அதன் வாயே நீர்ப்பரப்பில் இரை பிடிப்பதற்கென்று அமைந்தது. வீட்டில் புரதம் மிகுந்த குருணைத் தீவனம் நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் நான்கைந்து குருணை போதும். வாரத்தில் ஓரிரு நாள் மொய்னா என்ற நுண்ணிய ஓட்டுடலியோ உறைய வைத்த ரத்தப்புழுவோ கொடுக்கலாம். இந்த மீனின் இரைப்பை ஏறத்தாழ அதன் கண்ணளவுதான் என்று வளர்ப்பாளர்கள் சொல்வது நல்ல நினைவூட்டல். அளவுக்கு மீறித் தீனி போடுவதால் வயிறு உப்பி, நீரில் நிலைகொள்ள முடியாமல் மீன் சாய்ந்து மிதக்கும். சாக்கடையில் அள்ளிய டியூபிஃபெக்ஸ் புழு மலிவாகக் கிடைக்கும். அதனுடன் நோயும் மலிவாக வரும்.

நோய்களில் அதிகம் காண்பவை துடுப்பழுகல், வெள்ளைப்புள்ளி, வெல்வெட் ஆகியவை. வெல்வெட் தாக்கிய மீனின் மேல் டார்ச் ஒளியைச் சாய்த்துப் பிடித்தால் பொன்தூசு தூவியது போலத் தெரியும். அது பிசினூடினியம் என்ற ஒட்டுண்ணி. செதில்கள் அன்னாசிப் பழத்தின் முள்போல விரிந்து நின்றால் உடலுக்குள் நீர் கோத்துவிட்டது என்று பொருள். அந்தக் கட்டத்தில் பிழைப்பது அரிது. நல்ல நீரில் இவை எல்லாமே அபூர்வம். முறையாக வளர்க்கப்பட்ட பெட்டா மூன்று ஆண்டு வாழும். சில அதையும் தாண்டும்.

பெட்டாவின் சண்டையைப் பற்றி மீனியலாளர்கள் சேகரித்துள்ள செய்திகள் பந்தயக்காரர்களுக்குத் தெரிந்ததைவிடச் சுவையானவை. ஆண் மீனின் சினம் கூடு கட்டும் இடத்தைக் காப்பதற்கானது. எதிரியைக் கண்டதும் அது துடுப்புகளை விரிக்கிறது. செவுள் மூடிகளைத் தலைக்குப் பின்னால் விசிறிபோல் நிமிர்த்துகிறது. தாடைக்கடியில் உள்ள சவ்வு தாடிபோல வெளியே தொங்குகிறது. செவுள் மூடி நிமிர்ந்திருக்கும்போது சரியாக மூச்சுவிட முடியாது. எவ்வளவு நேரம் அப்படித் தாங்குகிறது என்பதே அதன் வலுவைக் காட்டும் அளவுகோல் என்பதால், பல மோதல்கள் கடிக்கு முன்பே முடிந்துவிடுகின்றன. காட்டில் தோற்றது புல்லுக்குள் ஓடி மறையும். சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிடும். தொட்டியில் ஓட இடமில்லாததால்தான் சண்டை குற்றுயிராகும் வரை நீள்கிறது.

இந்த மீன் வேடிக்கையும் பார்க்கிறது. ஒலிவேரா, மெக்ரெகர், லாட்ரூஃப் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், பக்கத்துத் தொட்டிகளில் நடந்த சண்டையைப் பார்த்திருந்த ஆண் மீன், பிறகு வென்றவனைத் தயங்கித் தயங்கியும் தோற்றவனை விரைந்தும் அணுகியது. யார் வலியவன் என்பதை மோதாமலே அது கணித்துவைத்திருந்தது. 2020இல் வந்த இன்னோர் ஆய்வு இதைவிட வியப்பூட்டுவது. ஒரு மணி நேரம் தமக்குள் மோதிய இரு மீன்களின் அசைவுகள் ஒன்றோடொன்று ஒத்திசைந்ததோடு, அவற்றின் மூளையில் மரபணுக்கள் செயல்படும் பாங்கும் அந்த இணைக்குள் ஒத்துப்போனது.

சண்டைக்காக மீன்களை மோதவிடுவது இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தில் விலங்கு என்ற சொல் மனிதன் நீங்கலான எல்லா உயிர்களையும் குறிக்கும். மீனும் அதில் அடங்கும். பெண் மீன்களும் சாந்தமானவை அல்ல. பல பெண் மீன்களை ஒரே தொட்டியில் விடுவது சிலருக்கு ஒத்துவரும், பலருக்குக் கிழிந்த துடுப்புகளில் முடியும்.

இனப்பெருக்கத்தில்தான் பெட்டா தன் முழு இயல்பையும் காட்டுகிறது. இலைக்கடியிலோ ஏதாவது ஒரு மறைவிலோ ஆண் மீன் இடம் பிடித்து, காற்றை வாயில் வாங்கி, வாயில் சுரக்கும் கொழகொழப்பான நீரைப் பூசி, குமிழி குமிழியாக ஊதி அடுக்குகிறது. அந்தப் பூச்சு இருப்பதால் குமிழி எளிதில் உடையாது. மணிக்கணக்கில் உழைத்துக் கட்டிய நுரைக்கூடு உள்ளங்கையளவு விரியும். பெண் இல்லாமலே கூடு கட்டும் பழக்கமும் அதற்கு உண்டு. ஆக்சிஜன் குறைந்த நீரில் முட்டையும் குஞ்சும் மூச்சுவிட வேண்டுமானால் காற்றை ஒட்டிய மேல்விளிம்பில்தான் இருந்தாக வேண்டும். நுரைக்கூடு அதற்கான ஏற்பாடு.

வளர்ப்பாளர் செய்ய வேண்டிய ஏற்பாடு இதைவிடச் சற்றுக் கூடுதல். நான்கு மாதம் தாண்டிய, நோயற்ற இணையைத் தேர்ந்து இரண்டு வாரம் தனித்தனியாக உயிர்த்தீனி கொடுத்துத் தேற்ற வேண்டும். பத்திலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் ஆழமுள்ள நீர், ஒரு வாதுமை இலை அல்லது பாதியாக வெட்டிய தெர்மோகோல் கப், பெண் ஒளிந்துகொள்ளக் கொஞ்சம் செடி ஆகியவை போதும். மணல் வேண்டாம், விழும் முட்டைகள் அதில் தொலைந்துபோகும். முதலில் ஆணை விட்டு, பெண்ணை ஒரு கண்ணாடிக் குழலிலோ அறுத்த பாட்டிலிலோ வைத்துக் காட்ட வேண்டும். தயாரான பெண்ணின் உடலில் செங்குத்தான பட்டைகள் தோன்றும். வயிற்றடியில் அரிசி நுனிபோல வெள்ளைப் புள்ளி ஒன்று துருத்தி நிற்கும். கிடைக்கோடுகள் தெரிந்தால் அது அச்சத்தின் அடையாளம். அன்று முயலக் கூடாது.

பெண்ணைத் திறந்துவிட்டபின் துரத்தலும் கடியும் சில மணி நேரம் இருக்கும். பெண் கூட்டுக்கடியில் தலை தாழ்த்தி வந்து நின்றால் இணக்கம் வந்துவிட்டது. ஆண் தன் உடலை வளைத்துப் பெண்ணைச் சுற்றிக்கொள்ள, இரண்டும் சில நொடி அசைவற்றிருக்கும். ஒவ்வொரு தழுவலிலும் பத்திலிருந்து நாற்பது முட்டை வரை, வெண்மணலைத் தூவியது போல உதிரும். பெட்டாவின் முட்டை மிதப்பதில்லை, மூழ்குவது. ஆண் கீழே பாய்ந்து ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கி மேலே வந்து குமிழிக்குள் பொதிகிறது. அதற்குள் பெண் மயங்கியதுபோல மிதந்துகொண்டிருக்கும். சில மணி நேரம் தொடரும் இந்த நிகழ்வின் முடிவில் நூறிலிருந்து ஐந்நூறு முட்டை வரை கூட்டில் சேரும். முடிந்ததும் ஆண் பெண்ணை விரட்ட ஆரம்பிக்கும். முட்டையைத் தின்றுவிடும் என்பதாலும் பெண்ணை உடனே எடுத்துவிட வேண்டும்.

அதன் பிறகு ஆண் மீன் உணவையும் மறந்து காவல் இருக்கிறது. உடைந்த குமிழிக்கு மாற்றாகப் புதுக் குமிழி ஊதுகிறது. விழும் முட்டையைத் தூக்கிவைக்கிறது. கெட்டுப்போனதைத் தின்று அகற்றுகிறது. 28 டிகிரியில் ஏறத்தாழ ஒன்றரை நாளில் பொரிக்கும். குஞ்சுகள் வால் கீழாக, கூட்டிலிருந்து நூல்முனைகள்போலத் தொங்கும். மஞ்சள்கரு தீரும் வரை இரண்டு மூன்று நாள் அப்படியே இருந்து, பிறகு கிடையாக நீந்தும். அன்று தந்தையை எடுத்துவிடுவது வழக்கம். அதுவரை காத்த அதே தந்தை, இனி நீந்தும் எதையும் இரையாகப் பார்க்கக்கூடும்.

வளர்ப்பில் தோல்வி அதிகமாக நேர்வது அடுத்த மூன்று வாரத்தில். குஞ்சின் வாய் மிகச் சிறியது. அசையும் இரையை மட்டும்தான் அது இரையென்று அறியும். தூளாக்கிய தீவனம் அடியில் கிடந்து அழுகும். முதல் சில நாளுக்கு இன்ஃபுசோரியா எனப்படும் நுண்ணுயிர்க் கூட்டம் வேண்டும். வைக்கோலையோ கோசு இலையையோ பழைய தொட்டி நீரில் ஊறவைத்து, குஞ்சு பொரிப்பதற்கு ஒரு வாரம் முன்பே தயாராக்கிவிட வேண்டும். அடுத்து ஆர்ட்டீமியா என்ற உவர்நீர் நுண்ணிறால். அதன் உலர்ந்த முட்டைகளை உப்பு நீரில் காற்று விட்டு வைத்தால் ஒரு நாளில் பொரிக்கும். விளக்கைக் காட்டினால் ஒளியை நோக்கி ஆரஞ்சு மேகமாகத் திரளும். உறிஞ்சி எடுத்து நல்ல நீரில் அலசிக் கொடுக்கலாம். தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறமாக உப்பித் தெரியும். வளர்ப்பாளர் பட்ட பாட்டுக்கு அந்தக் காட்சி ஒன்றே போதுமான கூலி.

லேபிரிந்த் உறுப்பு பிறவியிலேயே இருப்பதில்லை. பொரித்து மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் உருவாகிறது. குஞ்சுகள் முதன்முதலாக மேலே வந்து காற்றை விழுங்கும் நாட்கள் இவை. நீருக்கு மேலுள்ள காற்று குளிர்ந்தோ வறண்டோ இருந்தால் பல குஞ்சுகள் இறக்கும். ஆகவே தொட்டியைக் கண்ணாடியாலோ பாலித்தீன் தாளாலோ மூடி, உள்ளே காற்றை வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் வைக்கிறார்கள்.

இரண்டு மாதத்தில் ஆண்கள் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும். பொழுதுபோக்காக இதில் இறங்குபவர் முன்கூட்டியே போட வேண்டிய கணக்கு இங்கேதான் இருக்கிறது. இருநூறு குஞ்சு பிழைத்தால் அவற்றில் ஏறக்குறைய நூறு ஆண். நூறு ஆணுக்கு நூறு தனிக் குப்பி. நூறு குப்பிக்கும் இடைவிடாத நீர்மாற்றம். சென்னைக் கொளத்தூரிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் வண்ணமீன் வளர்ப்பைத் தொழிலாகச் செய்யும் குடும்பங்களுக்கு இந்த உழைப்பு அன்றாடம். ஒரு வீட்டு மாடியில் அதைச் செய்ய முடியுமா, வளர்ந்த மீன்களை யார் வாங்கிக்கொள்வார்கள் என்பது தெரியாமல் இணை சேர்ப்பது தவறு.

வண்ணத்தின் மரபியல் பெட்டா வளர்ப்பை ஓர் ஆய்வுக்கூடமாகவே ஆக்கிவிட்டது. மீனின் தோலில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறமிச் செல்கள் அடுக்கடுக்காக உள்ளன. அவற்றோடு ஒளியைத் திருப்பி அனுப்பும் படிகங்கள் நிறைந்த செல்களும் இருக்கின்றன. நீலமும் பச்சையும் நிறமியால் வருபவை அல்ல. குவானின் படிகத் தகடுகளில் ஒளி பட்டுச் சிதறுவதால் தோன்றுபவை. இந்த ஒளிர்நிறம் ஒரு மரபணுவின் இரு வடிவங்களைப் பொறுத்தது. ஒன்றே இரட்டையாக அமைந்தால் பச்சை கலந்த டர்க்காய்ஸ். மற்றது இரட்டையாக அமைந்தால் வெளிறிய ஸ்டீல் நீலம். இரண்டும் கலந்தால் ஆழ்ந்த ராயல் நீலம். டர்க்காய்ஸையும் ஸ்டீலையும் சேர்த்தால் குஞ்சுகள் எல்லாமே ராயல் நீலம். ராயல் நீலத்தோடு ராயல் நீலத்தைச் சேர்த்தால் பாதி மட்டுமே ராயல் நீலம். கால் பங்கு டர்க்காய்ஸ், கால் பங்கு ஸ்டீல். மெண்டலின் விதியைப் பள்ளி மாணவருக்கு விளக்க இதைவிட அழகான சான்று கிடைப்பது அரிது. பெட்டாவின் நிற மரபியலை குட்ரிச்சும் அவருடன் பணியாற்றியவர்களும் 1930களிலேயே ஆராய்ந்து எழுதினார்கள். வால்ப்ரன் 1958இல் அதை விரிவாக்கினார்.

எல்லா நிறமும் இப்படி ஒழுங்குக்கு அடங்குவதில்லை. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலச் சிறையில் இருந்த ஒருவர் கறுப்பு மீன் உருவாக்க முயன்றபோது ‘மார்பிள்’ வகை தோன்றியது. வெள்ளையும் கறுப்பும் திட்டுத்திட்டாகப் படர்ந்த அந்த மீன், வளர வளரத் தன் திட்டுகளை மாற்றிக்கொண்டே இருந்தது. மரபணுத்தொகுதிக்குள் இடம் மாறித் தாவும் துணுக்கு ஒன்று நிறமி மரபணுவை அணைத்தும் ஏற்றியும் விளையாடுவதே காரணம் என்று கருதப்படுகிறது. இன்று ‘கோய்’ என்று விலை உயர்ந்து விற்கும் வகை இதன் வழிவந்தது. கடையில் பார்த்த அதே கோலம் ஆறு மாதம் கழித்தும் இருக்கும் என்று எதிர்பார்த்து அதை வாங்கக் கூடாது.

வால் வடிவங்களும் இப்படிப் பெருகின. 1980களின் இறுதியில் ஐரோப்பிய, அமெரிக்க வளர்ப்பாளர்கள் உருவாக்கிய ‘ஹாஃப்மூன்’ வகையில் வால் விரிந்தால் 180 டிகிரி அரைவட்டம். 1990களின் பிற்பகுதியில் இந்தோனேசியாவிலிருந்து வந்த ‘கிரௌன் டெயில்’ வகையில் துடுப்பின் சவ்வு பின்வாங்கி, முட்கள் மணிமுடிபோல நீண்டு நிற்கும். குட்டை வாலோடு காட்டு மூதாதையின் சாயல் மாறாமல் இருப்பது ‘ப்ளாக்கட்’.

தேர்ந்தெடுப்பு ஓர் எல்லையைத் தாண்டிவிட்டது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. மிகையாகக் கிளைத்த ‘ரோஸ் டெயில்’ வாலைச் சுமக்க முடியாமல் மீன் இலைமேல் படுத்தே கிடக்கிறது. சில மீன்கள் தம் வாலைத் தாமே கடித்துத் துண்டாக்கிக்கொள்கின்றன. தடித்த உலோகச் செதில் கொண்ட ‘டிராகன்’ வகையில் அந்தச் செதில் கண்ணின் மேலும் படர்ந்து பார்வையை மறைப்பதுண்டு. முதன்முதலாகப் பெட்டா வாங்குபவருக்கு ப்ளாக்கட் மீனே சிறந்தது. அது சுறுசுறுப்பாக நீந்தும், நோய் தாங்கும், தன் இயல்பான நடத்தை எல்லாவற்றையும் காட்டும்.

சொந்த நாட்டில் காட்டு பெட்டாவின் நிலை கவலைக்குரியது. சதுப்புகள் கட்டடங்களாகின்றன, வளர்ப்பு மீன்கள் தப்பி, காட்டு மீன்களோடு கலக்கின்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியக்கூடிய நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிட்டுள்ளது. அதே மீன் ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்புலத்தில், அடிலெய்டு ஆற்று வெள்ளச் சமவெளியில், அந்நிய இனமாகக் குடியேறிவிட்டது. யாரோ வளர்த்துச் சலித்துப்போய் நீரில் விட்டதன் விளைவாக அது இருக்கலாம்.

தமிழ் நிலத்தின் வயல்வாய்க்கால்களிலும் பெட்டாவின் உறவினம் ஒன்று வாழ்கிறது. சூடோஸ்ஃப்ரோமீனஸ் குபானஸ் என்ற அந்தச் சிறு பழுப்பு மீன், ஆறு சென்டிமீட்டரைத் தாண்டாதது. அதுவும் காற்றைச் சுவாசிக்கிறது, இலைக்கடியில் குமிழிக் கூடு கட்டுகிறது, அதன் ஆணும் முட்டையைக் காக்கிறது. புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்றில் பிடிக்கப்பட்ட மீன்களைக் கொண்டு 1831இல் பிரெஞ்சு அறிஞர் குவியே இதை விவரித்தார். அந்த ஆற்றின் பெயரே இந்த இனத்தின் பெயராயிற்று. மிகுந்துபோன பெட்டாக்களைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடுவது இதன் இடத்துக்கும் இரைக்கும் போட்டியை விடுவதாகும். வளர்க்க முடியாத மீனை இன்னொரு வளர்ப்பாளரிடமோ வாங்கிய கடையிலோ ஒப்படையுங்கள். எந்த நீர்நிலையிலும் விடாதீர்கள்.